ஆறடித் தொட்டியில் வயலும் கடலும்

அந்தத் தொட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். அடியில் ஒன்று, பக்கங்களில் நான்கு என்று ஐந்து கண்ணாடிகள். ஆறாவதாகவும் ஒன்று இருந்தது. அந்த ஆறாவது கண்ணாடியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் சரியாக வரும். இடையில் எதையாவது விட்டுவிட்டால் பிறகு அதே நினைப்பாக இருக்கும், இரண்டு நாள் சாப்பாடு இறங்காது.

பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே, கடலோரக் கிராமம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளி. பதினேழு வருடம் அங்கே அறிவியல் ஆசிரியராக இருந்தேன். பள்ளியிலிருந்து, கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற உப்பாற்றுக்கு இரண்டு மைல். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற இடங்களில் அந்த ஊரும் ஒன்று. மேட்டூரில் திறந்தால் எங்கள் வாய்க்காலை நனைக்க நல்ல வருடத்தில் இருபது நாள் ஆகும். கெட்ட வருடத்தில் வராது. வருகிற நாளிலும் ஒரு சங்கடம் உண்டு. வாய்க்காலில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது கடல் ஏறினால், வடிகால் வழியாக உப்புத் தண்ணீர் மேலே வந்து கலந்துவிடும். அந்தத் தண்ணீரை வயலுக்கு விட்டால் பயிர் போயிற்று.

அதனால் அந்த ஊரில் ஒரு வழக்கம். மதகைத் தூக்குவதற்கு முன் ஒரு அம்மாள் வந்து தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பார். வாய்க்கால் கரையில் குந்தி, உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து, நாக்கு நுனியில் தொட்டுத் துப்பிவிட்டு, சிறிது நேரம் சும்மா இருப்பார். பிறகு "விடலாம்" அல்லது "வேணாம்". அவ்வளவுதான். மறு பேச்சு கிடையாது. அப்போது அவருக்கு ஐம்பது வயதிருக்கும். வெற்றிலை, புகையிலை எதுவும் போடமாட்டார். அவர் மாமியாருக்கும் அந்த நாக்கு இருந்ததாகச் சொல்வார்கள்.

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒருநாள் பள்ளிக்கு வரச்சொல்லி ஆறு டம்ளர் வைத்தேன். ஒவ்வொன்றிலும் உப்பை வேறு வேறு அளவில் நிறுத்துப் போட்டிருந்தேன். ஒன்றில் போடவே இல்லை.

"எனக்கே பரீட்சை வைக்கிறீங்களாய்யா" என்று சிரித்தார். "பெயிலாப் போனா அடிக்க மாட்டீங்களே?"

ஆறையும் ஏறுவரிசையில் அடுக்கிவிட்டார். மாற்றி வைத்துக் கேட்டேன், மறுபடி சரி. மூன்று தடவை கேட்டேன். இரண்டாவதும் மூன்றாவதும் மட்டும் ஒரு தடவை இடம் மாறியது, மற்றபடி மூன்றும் சரி. கடைசியில் டம்ளர்களைத் தள்ளி வைத்தபடி, "இதுல உப்பு எடை போட நீங்க வச்சிருக்கிற தராசுதான் கொஞ்சம் சாஞ்சிருக்கு. ரெண்டாவதும் மூணாவதும் ஒண்ணுங்க" என்றார். அந்த இரண்டையும் சுண்டக் காய்ச்சி, மிஞ்சிய உப்பை நிறுத்துப் பார்த்தேன். ஒன்றுதான். எழுதி வைத்த குறிப்பில் நான்தான் தப்பு.

அந்த அம்மாளின் தெருவில் முப்பத்தொரு குடும்பங்களுக்குத் தலைக்கு ஒரு ஏக்கர் நிலம் இருந்தது. நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரிடமிருந்து எடுத்த நிலம். ஒரு ஆட்சியில் அளந்து கல் நட்டார்கள். அடுத்த ஆட்சியில் பட்டா கொடுத்தார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் ஊர் முனையில் கொடி ஏற்றித் தாங்கள்தான் கொடுத்தோம் என்று பேசினார்கள். நடுவில் கோர்ட்டு ஒன்பது வருடம். அதற்கும் முன்னால் ஓர் அறுப்புக் காலத்தில், கூலித் தகராறில், அந்த அம்மாளின் கணவருக்குக் கால் முறிந்தது. பட்டா வந்தபோது அவர் உயிரோடு இல்லை. பட்டாவைத் தகரப் பெட்டியில் வைத்து, அதன் மேல் அவருடைய ஊன்றுகோலை வைத்திருப்பதாக அந்த அம்மாள் ஒருமுறை சொன்னார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இறால் கம்பெனி ஒன்று வந்தது. அது போல அந்தக் கரை முழுவதும் பல வந்தன. இந்தக் கம்பெனி மிராசுதாரிடம் மிஞ்சியிருந்த எண்பது ஏக்கரை வாங்கிவிட்டது. ஆனால் அந்த எண்பதுக்கும் உப்பாற்றுக்கும் நடுவில் தெருக்காரர்களின் முப்பத்தொரு ஏக்கர் கிடந்தது. அரசாங்கம் கொடுத்த நிலம், விற்க முடியாது. கம்பெனிக்கு அதை வாங்கும் எண்ணமும் இல்லை. கடல் தண்ணீர் கொண்டுவருகிற கால்வாயை அந்த வயல்களின் ஓரமாக, புறம்போக்கில் வெட்ட வேண்டும். அதற்கு முப்பத்தொரு பேரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

தீபாவளி கழித்து ஒரு நாள் கம்பெனி மேனேஜர் பள்ளிக்கு வந்தார். வெளியூர்க்காரர். மரியாதையானவர். ஆய்வுக்கூடத்தில் நான் செய்து வைத்திருந்த சின்ன மீன் தொட்டிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். அதுவரை பதினான்கு தொட்டி செய்திருந்தேன். மூன்று ஒழுகியது.

"சார், ஜனங்களுக்கு ஒரே பயம், உப்பு ஊறிடும்னு. வாயால சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க" என்றார். "நீங்க ஒரு பெரிய தொட்டி செஞ்சு குடுங்க. பாதி வயல். பாதி உப்புத் தண்ணி, அதுல இறால். நடுவுல வரப்பு. பொங்கல் கழிச்சு இங்கதான் கூட்டம். வந்து பாக்கட்டும். கூட்டம் முடிஞ்சா தொட்டி பள்ளிக்கூடத்துக்கே."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை இழுத்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அப்போது ஒரு கால் இல்லாத தவளை எலும்புக்கூடும், மருந்தில் ஊறிய ஒன்பது புட்டிகளும் இருந்தன. தரையும் உப்புத் தண்ணீரும் ஒன்றாக உள்ள ஒரு தொட்டி, சேறு, அலையாத்திச் செடி, நண்டு எல்லாம் உயிரோடு, கடல் ஏறி இறங்குவது போலத் தண்ணீரும் ஏறி இறங்குகிற தொட்டி. அதற்குப் படம் போட்டு வைத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்தக் காகிதம் மேசை டிராயரில்தான் இருந்தது. எடுத்துக் காட்டினேன். மேனேஜர் அலையாத்திச் செடி வரைந்திருந்த இடத்தில் விரலை வைத்து, "இங்க இறால் போட்டுக்கலாம்" என்றார்.

பட்டுக்கோட்டையில் சாமி படங்களுக்குச் சட்டம் போடுகிற கடையில் கண்ணாடி வெட்டக் கொடுத்தேன். பன்னிரண்டு மில்லிமீட்டர் கனம். கடைக்காரர் அளவைக் கேட்டுவிட்டு, "மீனுக்கா சார் இவ்வளவு பெரிய வீடு? எங்க வீட்ல எட்டு பேரு இதுல பாதியிலதான் படுக்கிறோம்" என்றார். சிலிக்கான் பசை திருச்சியிலிருந்து வரவேண்டும் என்று பதினாறு நாள் இழுத்தடித்தார். வெட்டிய கண்ணாடியில் ஒரு மூலையில் நகத்தளவு சில்லு போயிருந்தது. அந்தச் சில்லு விரிசலாகப் போய்விடுமோ என்று தொட்டி ஒட்டிய பிறகும் தினம் காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

வெயில் வேண்டும் என்பதால் ஆய்வுக்கூடத்தின் தெற்குத் தாழ்வாரத்தில் செங்கல் மேடை கட்டி அதன் மேல் வைத்தோம். பள்ளியின் ஓவிய ஆசிரியர் உடன் நின்று உதவினார். உப்புப் பக்கத்துக்கு உப்பாற்றுச் சேறு இருபத்திரண்டு சட்டி. அதைத் தண்ணீரிலிருந்து மேலேறுகிற சரிவாக வைத்து, உச்சியில் இரண்டு அலையாத்திக் கன்றுகளை நட்டேன். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கிற சின்ன நண்டுகள் ஆறு. சேற்றில் தத்திப் போகிற, கண் பிதுங்கிய மீன் மூன்று. இறால் இருபது. காலையில் நான்கு வாளித் தண்ணீரை ரப்பர்க் குழாயால் இறக்குவேன், மாலையில் நான்கு வாளி ஏற்றுவேன். தண்ணீர் இறங்கினதும் நண்டுகள் வெளியே வந்து கொடுக்கை ஆட்டும். வெயிலில் தண்ணீர் சுண்டி உப்பு கூடிவிடாமல் இருக்க மேலே ஒரு கோடு போட்டு, அது வரைக்கும் நல்ல தண்ணீர் சேர்ப்பேன். தண்ணீருக்குள் காற்று ஊதுகிற மோட்டார் கரண்ட் போனால் நின்றுவிடும். ஒரு நாளில் ஐந்து தடவை போயிருக்கிறது. காக்கை ஒரு நண்டைத் தூக்கிப்போன பிறகு வலை போட்டேன்.

மற்றப் பக்கம் வயல். தெருக்காரர்களின் வயலில் எடுத்த அதே மண். நாற்று ஆறு வரிசை, வரிசைக்கு எட்டு, மொத்தம் நாற்பத்தெட்டு. நடுவில் வரப்பு.

வரப்பு வைக்க அந்த அம்மாளையே கூப்பிட்டேன். தெருவில் எல்லோரும் வரப்பு வைப்பார்கள். இருந்தாலும் அவர் வைத்தால் ஊர் ஒத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். களிமண்ணை வெட்டி ஊறவைத்து, தரையில் பரப்பி மூன்று தடவை மிதித்தார். புளித்த மாவு போல ஆனதும் கையால் உருட்டி உருட்டித் தொட்டிக்குள் வைத்து அறைந்தார்.

"பாத்து வையுங்கம்மா. கண்ணாடி ஒடஞ்சா எங்க சார் அழுதுடுவாரு" என்றார் ஓவிய ஆசிரியர்.

"எம்மாம் பெரிய கரையெல்லாம் மிதிச்ச காலுங்க இது. கட்டுச்சோத்துப் பொட்டலத்துக்கு வரப்பு வைக்கச் சொன்னா என்னா செய்யறது" என்றார் அந்த அம்மாள். முடிந்ததும் புறங்கையால் வரப்பைத் தட்டிப் பார்த்து, "இது சொட்டுத் தண்ணி விடாதுங்க" என்றார்.

காவிரித் தண்ணீருக்கு அது உண்மை. நன்றாக மிதித்து வைத்த வரப்பு அங்கே யாரையும் ஏமாற்றியதில்லை. உப்புத் தண்ணீர் ஒரு பக்கமும் நல்ல தண்ணீர் ஒரு பக்கமுமாக இரவு பகல் நிற்கிற வரப்பை அந்த ஊரில் யாரும் வைத்ததும் இல்லை, பார்த்ததும் இல்லை. நானும் இல்லை.

ஏழாம் நாள் வரப்புக்கு அடுத்த வரிசையில் இலை நுனி மஞ்சளானது. பதினோராம் நாள் அந்த எட்டும் கருகிவிட்டன. இரண்டாவது வரிசையில் ஐந்து. உப்புப் பக்கம் நண்டுகள் வரப்பில் நான்கு வளை போட்டிருந்தன. அதனால்தான் என்று முதலில் நினைத்தேன். வளை இல்லாத பக்கத்திலும் கருகியிருந்தது. வயல் பக்கத்துத் தண்ணீரை எடுத்து அதில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டேன். உப்பு இருந்தால் வெளுக்கும். தயிர் போல வெளுத்தது. ஊறிவிட்டது.

மேனேஜர் வந்தபோது சொன்னேன். "ஊறுது சார்."

அவர் திடுக்கிடவில்லை. "ஊறத்தானே சார் செய்யும்? அரையடி வரப்பு. நாங்க அங்க பத்தடி அகலத்துல கரை போடப்போறோம். தொட்டிக்குள்ள பத்தடிக்கு எங்க போறது? அதுக்குப் பதிலா நடுவுல ஒரு கண்ணாடி வச்சிடுங்க. மாடல்னா அப்படித்தானே? பூகோள உருண்டையில கடலுக்கு நீலப் பெயிண்ட் அடிக்கிறீங்க, தண்ணியா ஊத்துறீங்க?"

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். பத்தடி மண்ணுக்கு ஒரு கண்ணாடி ஒப்பு. வகுப்பில் நானும் அப்படித்தானே சொல்லித் தருகிறேன். ஆனால் பத்தடி மண்ணில் உப்பு ஊறாதா, எத்தனை நாளில் ஊறும் என்று நான் கணக்குப் போடவில்லை. அரையடிக்குப் பதினொரு நாள் என்றால் பத்தடிக்கு எவ்வளவு என்பது ஏழாம் வகுப்புக் கணக்கு. மண் அப்படிக் கணக்குப்படி நடக்காது என்றாலும், ஒரு வருடம்கூடத் தாங்காது என்று தெரிந்திருக்கும். வாழ்க்கையில் கணக்குப் போடாமல் விட்ட விஷயங்கள் எனக்கு மிகக் குறைவு. அதில் இது ஒன்று.

பட்டுக்கோட்டைக்குப் போய் ஆறாவது கண்ணாடி வெட்டி வந்தேன். அந்த அம்மாள் வைத்த வரப்பைக் கரண்டியால் தோண்டி எடுத்தேன். மண்ணையெல்லாம் வெளியே எடுத்து, கழுவி, அடியிலும் பக்கங்களிலும் பசை வைத்துக் கண்ணாடியை நிறுத்தினேன். மூன்று நாள் காயவிட்டேன். இறாலில் ஏழு செத்தது. பிறகு அதே களிமண்ணைக் கண்ணாடியின் இரண்டு பக்கமும் வைத்து அறைந்தேன். புதிய நாற்று நாற்பத்தெட்டு. கூட்டத்துக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

கண்ணாடியின் மேல் விளிம்பு வரப்புக்கு மேலே அரை அங்குலம் பச்சையாகத் தெரிந்தது. ஓவிய ஆசிரியர், "என்ன சார், வயலுக்கு நடுவுல ஜன்னல் வச்ச மாதிரி இருக்கு" என்றார். அன்று மாலை நான் கொஞ்சம் களிமண் குழைத்து அந்த விளிம்பை மூடினேன். மேனேஜர் மூடச் சொல்லவில்லை. இதை இரண்டு மூன்று தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சொல்லவில்லை. பார்க்க நன்றாக இல்லை என்றுதான் மூடினேன். அதன் பிறகு தினமும் காலையில் நண்டு அந்த மண்ணைக் கீறியிருக்கிறதா என்று பார்த்துப் பூசி வைத்தேன்.

கூட்டத்தன்று தெருவிலிருந்து எண்பது பேருக்கு மேல் வந்தார்கள். பயிர் பச்சைப் பசேல் என்று நின்றது. மறுபக்கம் இறால்கள் மீசையை அசைத்துக்கொண்டு. ஒருவர் மீது ஒருவர் சாய்ந்து பார்த்தார்கள். என்னிடம் படித்த ஒருவன், "நம்ம ஊர அப்படியே புடிச்சு உள்ள போட்டுட்டாரு சார்" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது.

மேனேஜர் பேசினார். எல்லோரும் அந்த அம்மாளைப் பார்த்தார்கள். அவர் முன்னே வந்து தொட்டி ஓரமாக நின்றார். வரப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நான் வச்ச வரப்புதானுங்களேய்யா?" என்றார். சந்தேகத்தில் கேட்டதல்ல. சொந்தக் கை வேலை என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளக் கேட்டது.

"ஆமா" என்றேன்.

உப்புப் பக்கம் விரலை நனைத்து நாக்கில் வைத்துத் துப்பினார். வாயைக் கொப்பளித்தார். பிறகு வயல் பக்கத்துத் தண்ணீர். நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

"நல்ல தண்ணி" என்றார். "கரிக்கல."

இருபத்தெட்டு கைநாட்டு, மூன்று கையெழுத்து. கையெழுத்துப் போட்ட மூன்று பேரும் என்னிடம் படித்தவர்கள்.

கோடையில் கால்வாய் வெட்டினார்கள். கரை பத்தடி என்றார்கள், நான் அடியால் அளந்தேன், எட்டடிதான் இருந்தது. அந்த வருடம் சம்பா நன்றாக விளைந்தது. அதற்கடுத்த வருடம் கால்வாயை ஒட்டிய நான்கு ஏக்கரில் பயிர் நுனி கருகியது. அதற்கு மறுவருடம் பதினொன்று. மண் மேல் வெள்ளை பூத்தது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், சனிக்கிழமை தோறும் சைக்கிளில் அந்தக் கரை வழியாகப் போய் எண்ணிக்கொண்டு வருவேன். யாரிடமும் ஒன்றும் சொல்லமாட்டேன். தெருவுக்குள் போவதில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆட்சி மாறியது. தெருக்காரர்கள் மனு எழுதிக்கொண்டு புதிய கட்சிக்காரர்களிடம் போனார்கள். பழைய ஆட்சியில் வந்த கம்பெனி என்று முதலில் உற்சாகமாகக் கேட்டார்களாம். பிறகு ஆட்சேபணை இல்லை என்று நீங்கள்தானே கைநாட்டு வைத்திருக்கிறீர்கள் என்று காகிதத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

ஒரு புரட்டாசி மாதம், மத்தியான இடைவேளையில், அந்த அம்மாள் பள்ளிக்கு வந்தார். கையில் பித்தளைச் செம்பு. அதைத் துணியால் மூடிப் பிடித்திருந்தார். மெலிந்துபோயிருந்தார்.

"ஐயா, இதக் கொஞ்சம் நாக்குல வச்சுப் பாத்துச் சொல்லுங்க."

வைத்தேன். கரித்தது.

"வயல் தண்ணியாம்மா?"

"எங்க வீட்டு அடிபம்பு தண்ணி. குடிக்கிற தண்ணி." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு எல்லாமே கரிக்குதுங்க. சோறு கரிக்குது. மத்தவங்க ஒண்ணும் தெரியலங்கறாங்க. போன தடவ வாய்க்கால்ல நல்ல தண்ணி வந்துச்சு, நல்லா பாத்துட்டு விடலாம்னு சொன்னேன். எல்லாரும் வுட்டாங்க. எட்டாம் நாளு பயிரு வெளுத்துப் போச்சு. நாக்கு செத்த கெழவின்னு எம் முன்னாலயே பேசுறாங்க. மதகுக்கு இப்ப என்னயக் கூப்புடறதில்ல."

நான் செம்பை மேசையில் வைத்தேன்.

"அது கெடக்கட்டுங்க. எனக்கே தெரியணும். நாக்குதான் கெட்டுப்போச்சா? அன்னைக்கு உங்க தொட்டியில நான் சொன்னதும் தப்பா?"

சில்வர் நைட்ரேட் புட்டியை எடுத்தேன். செம்பிலிருந்த தண்ணீரைக் கொஞ்சம் சோதனைக் குழாயில் ஊற்றி இரண்டு சொட்டு. வெளுத்தது. இன்னொரு குழாயில் பள்ளிக்கூடத்துப் பானைத் தண்ணீர், அதிலும் இரண்டு சொட்டு. லேசாகக் கலங்கியது. இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினேன்.

"உங்க நாக்கு சரியாத்தான் இருக்கு. அடிபம்புலயே உப்பு வந்துடுச்சு. மத்தவங்களுக்குப் பழகிப்போச்சு, அதான் தெரியல. வாய்க்கால் தண்ணியும் நீங்க சொன்ன மாதிரி நல்ல தண்ணிதான். உப்பு வாய்க்கால் வழியா வரல. அடியில ஊறி வருது, கால்வாய்லேருந்து."

"வரப்பு நிக்கும்னு பாத்தோமேய்யா. தொட்டியில ஊறலையே."

தொட்டி அப்போதும் தாழ்வாரத்தில்தான் இருந்தது. வயல் பக்கம் நெல் இல்லை, கோரை முளைத்துக் கிடந்தது. அலையாத்திக் கன்றுகள் இரண்டும் தொட்டிக்கு மேலே ஓர் அடி வளர்ந்திருந்தன. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் போயிருப்பார். பாடவேளைக்கு மணி அடிக்க ஏழு நிமிடம் இருந்தது. மேசையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து, வரப்பின் மேல் மண்ணைச் சுரண்டினேன். விளிம்பு வெளியே வந்தது. இன்னும் சுரண்டினேன். ஒரு சாண் அளவுக்குக் கண்ணாடி தெரிந்தது.

அந்த அம்மாள் விரலை அதன் மேல் வைத்தார். ஒரு முனையிலிருந்து நகர்த்திப் பார்த்தார்.

"இது எப்ப வச்சது?"

"கூட்டத்துக்கு முன்னாடி. அதுக்கு இருபத்தாறு நாள் முன்னாடி."

"நான் வச்ச வரப்பு?"

"ஒடச்சிட்டேன். அது ஊறிடுச்சு. பதினொரு நாள்ல ஊறிடுச்சு."

"பதினொரு நாள்லயே உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் சொன்னது சரியாகக் காதில் விழுந்ததா என்று பார்க்கிற மாதிரி சொன்னார். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "எல்லாருக்கும் தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?"

"ஓவிய வாத்தியாருக்கும் மேனேஜருக்கும் தெரியும்."

"எங்களத் தவிர."

மணி அடித்துவிட்டது. அவர் செம்பில் இருந்த தண்ணீரைத் தாழ்வாரத்து ஓரமாகக் கொட்டினார். பிறகு திரும்பி, "தெருவுக்கு வந்து இதச் சொல்லுங்கய்யா. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நாக்கு செத்தவ சாக்குச் சொல்றாம்பாங்க. நீங்க வந்து சொல்லுங்க" என்றார்.

"ஞாயிற்றுக்கிழமை வர்றேன்" என்றேன்.

அந்த ஞாயிறு மழை. உண்மையாகவே மழை, பதினொரு மணிக்கு விட்டுவிட்டது. அடுத்த ஞாயிறு தலைவலி. மூன்றாவது ஞாயிறு சைக்கிளில் பாதி தூரம் போய், கால்வாய்க் கரையில் நின்று, வெளுத்த ஏக்கர்களை எண்ணிவிட்டுத் திரும்பினேன். பத்தொன்பது. நான்காவது ஞாயிறு எந்தக் காரணமும் இல்லை. ஐந்தாவது ஞாயிறும் அப்படித்தான். அந்த அம்மாள் மறுபடி வந்து கேட்கவில்லை. வந்து கேட்டிருந்தால் அன்றே போயிருப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆறாவது ஞாயிறு போனேன். தெருவில் வேப்பமரத்தடியில் பதிமூன்று பேர் இருந்தார்கள், ஆண்கள்தான் பெரும்பாலும். எனக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள். உட்காரவில்லை. தொட்டிக்குள் கண்ணாடி இருந்ததைச் சொன்னேன். யார் வைத்தது, எப்போது வைத்தது, மேல் விளிம்பை மண்ணால் மூடியது, ஊறும் என்று முன்பே எனக்குத் தெரிந்தது, எல்லாம் சொன்னேன். அந்த அம்மாளின் நாக்கில் எந்தக் குறையும் இல்லை, எல்லாத் தண்ணீரையும் அவர் சரியாகத்தான் சொன்னார் என்று இரண்டு முறை சொன்னேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. எப்படித் திட்டுவார்கள் என்று வழியெல்லாம் நினைத்துப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். ஒருவர் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். தெருவுக்குப் பெரியவராக இருந்தவர், காது கொஞ்சம் மந்தம், பக்கத்தில் இருந்தவரிடம் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

"சரிங்க" என்றார் என்னிடம். "அவ நாக்கு நல்ல நாக்குதான். இனிமே அத எந்தத் தண்ணியில வச்சுப் பாக்கச் சொல்றீங்க?"

ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

அந்த அம்மாளைக் காணோம். வீடு எது என்று கேட்டேன்.

"வலங்கைமான் பக்கம் நடவுக்குப் போயிருக்காங்க, எட்டு பொம்பளைங்க" என்றார் பீடிக்காரர். "போயி பதினஞ்சு இருபது நாளாச்சு. அங்க முடிஞ்சதும் மாயவரம் பக்கம் கூப்பிட்டா அப்படியே போயிடுவாங்க."

"எப்ப வருவாங்க?"

"இங்க என்னா நடவா கெடக்கு, வர்றதுக்கு?"

"வந்தா நான் வந்து சொன்னேன்னு சொல்லுங்க."

"சொல்றோங்க" என்றார் பெரியவர். யாரிடமோ வேறு பேச்சு பேச ஆரம்பித்துவிட்டார்.

நான் சொன்னதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நான்கு பக்கம், தாலுகா அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கியவர் நான்கையும் படித்துவிட்டு, "தொட்டி ஒரு ஆவணமா சார்? கைநாட்டுதான் ஆவணம்" என்றார். கோப்பில் வைத்துக்கொள்கிறேன் என்றார். வைத்தாரா தெரியாது. அடுத்த ஜூனில் எனக்கு மாற்றல் வந்தது. அதற்குள் வெளுத்த ஏக்கர் இருபத்தேழு ஆகியிருந்தது. மீதி நான்கில் ஒன்று அந்த அம்மாளுடையது. மேட்டு நிலம் என்பதால் தாக்குப்பிடித்தது. அந்த வருடம் அதில் யாரும் நடவில்லை.

வலங்கைமானுக்கு அங்கிருந்து மூன்று பேருந்து மாறவேண்டும். ஒரு நாளில் போய் வந்துவிடலாம். போகவில்லை. ஊரில் அவரிடம் சொன்னார்களா, இல்லை மறந்துபோனார்களா, தன் நாக்கு செத்துவிட்டது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருப்பதாகவே எண்ணிக்கொண்டு அவர் யாருடைய வயலிலோ நட்டுக்கொண்டிருந்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டு ஒரு கடிதம் எழுதலாம் என்று உறை வாங்கினேன். முகவரி எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அத்தனை வருடத்தில் அவர் பெயரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.